லேஸி பார்சிங்: பொது சுவிட்சா, புலக் குறியா, அழைப்புத் தேர்வா?

புரோட்டோபஃப் (தரவைப் பைட்டுகளாக எழுதவும் திரும்பப் படிக்கவும் உதவும் கூகுளின் நூலகம்) போன்ற ஒரு நூலகத்தில் லேஸி பார்சிங், அதாவது தரவை யாராவது கேட்கும்போது மட்டும் பிரித்துப் படிப்பது, வேண்டும் என்று முடிவானதும், அதை இயக்கும் சுவிட்சை எங்கே வைப்பது என்ற கேள்வி வருகிறது. மொத்த நிரலுக்கும் பொதுவாக வைக்கலாம், ஸ்கீமாவில் (செய்தியில் என்னென்ன புலங்கள் உண்டு என்று வரையறுக்கும் கோப்பில்) புலத்தின் மீது குறியாக வைக்கலாம், அல்லது பார்ஸ் செய்யும் ஒவ்வோர் அழைப்பிலும் தேர்வாகத் தரலாம்.

மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். 3ஆம் எண் புலத்தில் 300 பைட் நீளமுள்ள உள்செய்தி (செய்திக்குள் இருக்கும் செய்தி) வருகிறது என்றால், புலத்தின் எண்ணையும் வகையையும் சொல்லும் முதல் பைட்டின் மதிப்பு 26, 300 என்ற நீளத்தைச் சொல்லும் அடுத்த இரண்டு பைட்டுகள் 172, 2. இந்த மூன்றையும் படித்தவுடனேயே நீளம் தெரிந்துவிடுவதால், பார்சர் 300 பைட்டுகளையும் பிரிக்காமல் தாண்டிச் சென்று, அந்தப் புலத்தை யாராவது கேட்கும்போது மட்டும் பிரிக்க முடியும். கடைசிவரை யாரும் கேட்கவில்லை என்றால், திரும்ப எழுதும்போது அதே பைட்டுகளை அப்படியே நகலெடுத்தால் போதும்.

பொது சுவிட்சின் கவர்ச்சி வெளிப்படையானது: ஸ்கீமாவைத் தொடாமல், ஒரே வரியில் மொத்த நிரலின் பலனையும் அளந்து பார்க்கலாம். ஆனால் அந்த ஒரே வரி, அதே நிரலுக்குள் இயங்கும் பிறருடைய நூலகங்களின் நடத்தையையும் அவர்களுக்குத் தெரியாமல் மாற்றிவிடுகிறது. பார்ஸ் வெற்றி பெற்றால் உள்ளே எல்லாம் சரி என்று நம்பி எழுதப்பட்ட நிரலில், பிழை இப்போது புலத்தைப் படிக்கும் இடத்தில் தலைகாட்டும். பிழையைத் திருப்பித் தரும் வழியே அந்த இடத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை. மேலும், பிரித்த மதிப்பைச் சேமிக்க வேண்டியிருப்பதால், வெறும் வாசிப்பாக இருந்த செயல் உள்ளுக்குள் நினைவகத்தில் எழுதும் செயலாக மாறுகிறது; எனவே ஒரே செய்தியை இரண்டு த்ரெட்கள் படிப்பதற்குக்கூட நூலகம் அணுநிலைச் செயல்களால் (நடுவில் வேறு த்ரெட் குறுக்கிட முடியாத செயல்களால்) காப்பு தர வேண்டியிருக்கிறது. நான்கைந்து பைட் உள்செய்திகளுக்கு இந்தக் கணக்கு வழக்கே பார்சிங்கை விட அதிகச் செலவாகலாம்.

புலக் குறி இந்தச் சிக்கல்களைப் பெரிதும் சுருக்குகிறது. பெரியதும் அரிதாகப் படிக்கப்படுவதுமான புலம் எது என்று ஸ்கீமாவை எழுதியவருக்குத் தெரியும். புரோட்டோபஃப் இந்த வழியில்தான் போகிறது. அதன் வரலாற்றில் கவனிக்க வேண்டிய ஒரு திருத்தமும் உண்டு: தொடக்கத்தில் லேஸி குறியிட்ட புலத்தின் பைட்டுகள் சரிபார்க்கப்படவில்லை, 2022 மே முதல், பிரிக்காவிட்டாலும் சரிபார்ப்பு நடக்கிறது, சரிபார்ப்பு வேண்டாம் என்பவர்களுக்குத் தனிக் குறி இருக்கிறது. வேகத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துப் பிழையை உரிய இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்த இந்த முடிவு எனக்கு மிகச் சரியாகப் படுகிறது.

புலக் குறியின் குறை, வாசிப்பவர்கள் பலவிதமானவர்கள் என்பதை அது அறியாததுதான்: தலைப்புப் பகுதியை மட்டும் பார்த்து அனுப்பிவிடும் இடைநிலைச் சேவைக்கும், எல்லாவற்றையும் படித்துச் சேமிக்கும் சேவைக்கும் ஒரே குறி பொருந்தாது. அழைப்புத் தேர்வு அங்கே உதவும், பார்ஸ் அழைப்பு ஆர்பிசி கட்டமைப்புக்குள் (சேவைகள் ஒன்றையொன்று அழைக்க உதவும் நூலகத்துக்குள்) புதைந்து கிடக்காதவரை.

ஆகவே நான் புலக் குறியையே அடித்தளமாக வைப்பேன். பொது சுவிட்சும் வேண்டும், ஆனால் அணைப்பதற்கு மட்டும். கோ மொழிக்கான புரோட்டோபஃபில் ஒரு சூழல் மாறியை (நிரலுக்கு வெளியே அமைக்கும் மதிப்பை) கொண்டு லேஸி பார்சிங்கை மொத்தமாக அணைக்க முடிகிறது. இரவில் சேவை தடுமாறும்போது, காரணம் லேஸி பார்சிங்தானா என்று நிரலை மாற்றாமலே உறுதிசெய்துகொள்ள அது போதும். அணைத்த நிலையிலும் இயக்கிய நிலையிலும் ஒரே சோதனைத் தொகுப்பை ஓட்ட வேண்டும். ஒரே உள்செய்திப் புலம் ஒரே செய்தியில் இருமுறை வந்து, இரண்டும் ஒன்றாக இணைக்கப்பட வேண்டிய நிலை அந்தத் தொகுப்பில் கட்டாயம் இருக்க வேண்டும்.