வீட்டுப் பழைய ரைஃபிளைச் சுட நினைப்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் என்னென்ன சேவை கிடைக்கிறது

வெளிநாட்டு ரேஞ்சுகளில் பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ என்ஃபீல்டு சுட்டுப் பழகிய பலர், ஊருக்கு வந்ததும் தாத்தா வைத்திருந்த ரைஃபிளைத் தேடுகிறார்கள். கலெக்டர் ஆபீஸ், துப்பாக்கிக் கடை, பட்டறை, ரைஃபிள் கிளப் ஆகிய இடங்களில் இந்தப் பயணத்தில் தெரிந்துகொண்டதை, அடுத்து வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் குழலிலும் ரிசீவரிலும் (குழலுக்குப் பின்னால் உள்ள உலோக உடற்பகுதி) உள்ள முத்திரையைப் பாருங்கள். லீ என்ஃபீல்டின் .303 ராணுவத் தோட்டா என்பதால் அது தடைசெய்யப்பட்ட ‘போர்’ (bore, குழல் விட்டம்). கலெக்டர் தரும் சாதாரண லைசென்ஸில் வராது, உள்துறை அமைச்சகம் வரை போக வேண்டும். நம் ஊர் வீடுகளில் இருக்க வாய்ப்புள்ளது மேற்கு வங்கத்து இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் 315 ரைஃபிள்தான். அதே லீ என்ஃபீல்டு அமைப்பு, ஆனால் தோட்டா ஆஸ்திரியாவின் 8×50 ஆர் மான்லிக்கர் வழி வந்தது. பெயரில் 8 மி.மீ. இருக்கிறதே என்று 8×57 மௌசர் தோட்டாவை அதோடு சேர்த்து நினைக்கக் கூடாது. மௌசர் தோட்டாவின் அடியில் வெளியே நீண்ட விளிம்பு கிடையாது, அழுத்தமும் அதிகம்.

“நூறு வருஷப் பழசு, லைசென்ஸ் வேண்டாம்” என்று உறவினர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்குத் தருவது, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான். சுட வேண்டும் என்று நீங்கள் நினைக்கும் துப்பாக்கிக்கு அந்த விலக்கு பொருந்தாது.

லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் ரைஃபிளைப் பரணிலேயே வைத்திருப்பது குற்றம். காவல் நிலையத்தில் தகவல் சொல்லி, அங்கேயோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைத்து, போர், எண், நிலை மூன்றும் எழுதிய ரசீது வாங்க வேண்டும். ஒப்படைத்ததை அப்படியே மறந்துவிட்டு விமானம் ஏறாதீர்கள். உரிய காலத்துக்குள் திரும்பப் பெறாவிட்டால் அது அரசுக்குப் போய்விடும். குடும்பங்கள் அதிகம் இழப்பது இங்கேதான்.

வாரிசு மாற்றத்துக்குச் சென்னையில் போலீஸ் கமிஷனர், மாவட்டங்களில் கலெக்டர். இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லாக் கடிதம், எஸ்-1 படிவத்தில் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று ஆகியவை வேண்டும். அக்கா கனடாவிலும் தம்பி சிங்கப்பூரிலும் இருந்தால் அந்தக் கடிதங்களை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். ஃபைல் நிற்பதே அதனால்தான். தாத்தா உயிரோடு இருந்தாலும், 70 வயதானாலோ 25 வருஷம் லைசென்ஸ் வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்றிக்கொடுக்கலாம். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்ற 2019 திருத்தம் பரம்பரைச் சொத்துக்கும் உண்டு. குடியுரிமை மாறியவர்கள் தங்கள் பெயருக்கு முயல்வதைவிட, ஊரில் இருக்கும் உடன்பிறப்பின் பெயருக்கு மாற்றுவதே நல்லது. ஒரு விடுமுறைக்குள் முடியும் வேலை இல்லை இது. தேர்தல் நேரத்தில் பெரும்பாலான துப்பாக்கிகள் டெபாசிட்டில் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பட்டறை வேலை ஊருக்கு ஊர் மிகவும் மாறுபடுகிறது. நல்ல மிஸ்திரி முதலில் போல்ட்டைத்தான் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்னாலிருந்து அடைக்கும் உருளை) பார்க்கிறார். போல்ட் கைப்பிடியில் உள்ள எண்ணும் ரிசீவர் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். டெபாசிட் அறையில் போல்ட்டுகள் தனியாகக் கிடந்து மாறிப்போவது உண்டு. மாறினால் தோட்டாவின் விளிம்புக்கும் போல்ட் முகத்துக்கும் இடையிலான இடைவெளி தப்பாகி, பித்தளைக் கூடு அடியோடு அறுந்துவிடும். .303க்கு அந்த இடைவெளியை அளக்க 0.064 முதல் 0.074 அங்குலம் வரை கேஜ் உண்டு. அது 315க்குப் பொருந்தாது. அதே கேஜை 315இல் போட்டுப் பார்த்து “சரியா இருக்கு” என்று சொன்னால் ரைஃபிளை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். சுட்ட கூட்டின் விளிம்புக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தெரிகிறதா, வளைத்த கம்பி நுனியை உள்ளே விட்டால் பள்ளம் தட்டுகிறதா என்று பார்ப்பதே, கூடு அறுபடப் போகிறதா என்பதற்கான நடைமுறைச் சோதனை.

மரத்தைக் கழற்றுவதிலும் எச்சரிக்கை வேண்டும். முன்வாய் வரை மரம் போர்த்திய ராணுவ மாதிரிகளில், முன்கட்டையை எடுக்காமல் பின்கட்டையைப் பிடித்திருக்கும் திருகாணியைத் திருகினால், அதன் சதுர முனை முன்கட்டையைப் பிளந்துவிடும். அவசரக்காரர்கள் செய்யும் சேதம் இது. கட்டையை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கவும் விடாதீர்கள். ரிசீவர் உட்காரும் இடம் தேய்ந்தால் குறி தாறுமாறாகும்.

கிளப்களில் பெரும்பாலும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள், 25, 50 மீட்டர் .22 தான். பெரிய போர் சுட இடம் அரிது, கிளப் வழியாக முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். புதியவர்கள் கிளப்பின் .22இல் தொடங்குவதே சரி. என்.சி.சி.யில் சுட்டவர்களுக்கு போல்ட் பழக்கம் உடனே திரும்பிவிடும். பிறகு 315இல், கண்ணாடியும் காதடைப்பும் போட்டு, 25 மீட்டரில் ஐந்து தோட்டா. ஒவ்வொரு கூட்டையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. பீரோவில் கிடந்த பழைய தோட்டாக்கள் வேண்டாம், லைசென்ஸில் ஏற்றி வாங்கிய புதியவை மட்டும். ட்ரிகரை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலை இலக்கை நோக்கியே ஒரு நிமிஷம் வைத்திருந்து, பிறகு திறக்கவும்.

சுட்ட அன்றே கழுவ வேண்டும். பழைய பாணி பிரைமர் (தோட்டாவின் அடியில் உள்ள தீமூட்டும் மருந்து) குழலில் உப்பு விட்டுச் செல்கிறது. அது எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் ஊற்றி வைத்த குழல்கள் உள்ளே துருவேறிக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, அதன் தலையை மேலே தூக்கி, வெளியே எடுங்கள். புனல் வைத்துச் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) பக்கமிருந்து அரை லிட்டர் கொதிநீர் ஊற்றி, ஃபிளானல் துணி காய்ந்து வரும்வரை இழுத்து, துப்பாக்கி எண்ணெய் தடவவும். போல்ட் முகத்தையும் அப்படியே. கடலோர ஊர்களில் மறுநாளும் அதற்கு மறுநாளும் துணி விட்டுப் பார்க்கவும்.

திரும்பும் முன் கடையில் பாதுகாப்புக்கு வைப்பதானால், குழலுக்குள் கிரீஸ் தடவியிருப்பதை ஒரு சீட்டில் எழுதி ட்ரிகர் கார்டில் கட்டுங்கள். போல்ட் எண்ணையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். தயங்கும் கடையில் வைக்காதீர்கள்.