சீல் உடைந்த பவுடர் டப்பா: நான் 60 டாலருக்கு ஏமாந்த கதை

அமெரிக்காவில் யூ.எஸ்.பி.எஸ்.ஏ. என்கிற துப்பாக்கிச் சுடும் சங்கத்தின் மேட்ச் சுடுகிற, காலி கூட்டில் மறுபடி மருந்து அடைத்துத் தோட்டாவை வீட்டிலேயே ரீலோடு பண்ணுகிற நம்ம ஆட்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

2022. கடைகளில் பவுடர், அதாவது தோட்டாவுக்கான வெடிமருந்து, வைக்கும் அலமாரி காலி. 9 மி.மீ. தோட்டாவுக்கு விஹ்டாவூரி கம்பெனியின் என்320 பவுடர் போட்டுப் பழகியவன் நான். 147 கிரெய்ன் (தோட்டாக் கணக்கில் எடை அளவு) புல்லட்டுக்கு அதன் உதை மென்மையாக இருக்கும், புகையும் குறைவு. நொடிக்கு 890 அடி வேகம். புல்லட் எடையால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், தோட்டாவின் பலத்தைச் சொல்லும் பவர் ஃபேக்டர் 130 சொச்சம். மேட்சில் மைனர் என்கிற கீழ் வகுப்புக்கே 125 வேண்டும். அதற்குக் கீழே போனால் மேட்ச் முழுக்கச் சுட்டும் புள்ளி கிடையாது. வேறு பவுடருக்கு மாறினால் அளவு, வேகம் பார்க்கிற இந்த வேலையெல்லாம் முதலிலிருந்து. அந்தச் சோம்பேறித்தனம்தான் என்னைக் கவிழ்த்தது.

சுடும் ரேஞ்சின் பார்க்கிங்கில் ஒருவர். ஒருமுறை மேட்சில் ஒரே குழுவில் சுட்டிருக்கிறோம், அவ்வளவுதான் பழக்கம். "நான் வேறு பவுடருக்கு மாறிட்டேன், இதில் ரெண்டு ஸ்பூன்தான் எடுத்திருக்கேன்" என்று ஒரு பவுண்டு என்320 டப்பாவைக் காட்டினார். லேபிள் அசல். உள்மூடியின் சீல் கிழிந்திருந்தது. 60 டாலர். ஒரு பவுண்டு என்றால் 7000 கிரெய்ன், எனக்கு 2000 தோட்டா வரும். கணக்குப் போட்ட மூளை, கிழிந்த சீலைப் பற்றி யோசிக்கவே இல்லை.

வீட்டில் தோட்டா அடைக்கும் பிரஸ் இயந்திரத்தில், பவுடரை அளந்து கொட்டும் மெஷர் பழைய என்320 அளவிலேயே இருந்தது. மெஷர் கன அளவில்தான் கொட்டும், எடை பார்க்காது. அதனால் புது டப்பா திறந்தால் முதல் சில அளவைத் தராசில் வைப்பேன். ஒரு கிரெய்னுக்கு மேல் கூடுதல்! தராசுதான் கெட்டுவிட்டது என்று சோதனை எடைக்கல்லை வைத்தேன். சரியாகக் காட்டியது. மறுபடி கொட்டினேன், அதே கூடுதல்.

பழைய டப்பாவின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வெள்ளைத் தாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொட்டிப் பார்த்தேன். என்320 பொடிப்பொடியாக நறுக்கிய குச்சி மாதிரி இருக்கும். வந்ததோ நசுக்கிய உருண்டைகள். அது என்ன பவுடர் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. பார்த்து ஊகிக்கவும் கூடாது. ஒரே மாதிரித் தெரிகிற, எரியும் வேகம் முற்றிலும் வேறான பவுடர்கள் எத்தனையோ.

தராசில் வைக்காமல் பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்துக்கொண்டே போயிருந்தால்? 9 மி.மீ.யின் அழுத்த வரம்பு 35,000 பி.எஸ்.ஐ. வேகமாக எரிகிற பிஸ்டல் பவுடரில் அளவு கொஞ்சம் ஏறினாலே அழுத்தம் எகிறும். தோட்டாக் கூட்டில் இடமும் நிறைய மிஞ்சும், கூடுதல் கண்ணுக்குப் படாது. துப்பாக்கி போனால் போகட்டும், விரல்?

அவருக்கு மெசேஜ் அனுப்பினேன். "நான் வாங்கினபடியே கொடுத்தேன்" என்று ஒரு வரி. அப்புறம் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார். 60 டாலருக்கு எங்கே போய்ப் புகார் கொடுப்பது?

பவுடர் சீல் உடைந்திருந்தால் தம்பி கொடுத்தாலும் வாங்காதீர்கள். அவன் நல்லவனாகவே இருக்கலாம்; மெஷருக்கு மேலே பவுடர் நிரப்பும் ஹாப்பரில் மிஞ்சியதைத் தவறான டப்பாவில் கொட்டியிருக்கலாம். ஆன்லைனிலும் கவனம்: ஊரெங்கும் தட்டுப்பாடாக இருக்கும்போது எல்லா பவுடரும் ஸ்டாக் என்கிற, அபாயப் பொருளை அனுப்புவதற்கான ஹாஸ்மட் கட்டணமே கேட்காத, வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பும் ஸெல்லில் மட்டும் பணம் வாங்குகிற தளம் கடையே இல்லை. நண்பர் ஒருவர் அதில் என்னைவிட அதிகம் விட்டார், டப்பாகூட வரவில்லை.

அந்தப் பவுடரைப் புல்வெளியில் மெல்லிசாகத் தூவிவிட்டேன். காலி டப்பாவின் லேபிளையும் கிழித்துத்தான் குப்பையில் போட்டேன், வேறு யாரும் எடுத்து எதையாவது நிரப்பி விற்றுவிடக் கூடாதே.