ரவான்: ஆட்டுத்தோலா, செயற்கைத் தோலா?

மொரிசியசில் பிள்ளைகளைச் சேகா பழக அனுப்பும் நம் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் தந்த இசை சேகா. 2014-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. அதன் உயிரே, மர வளையத்தில் தோல் போர்த்திய ரவான் என்ற பறைதான்.

ஒலி
ஆட்டுத்தோல்: நடுவில் தட்டினால் அடிவயிறு வரை அதிரும்.
செயற்கை: விளிம்பொலி கூர்மையாகவே வரும், நடுவொலி மெலிந்துவிடும்.

காய்ச்சுதல்
ஆட்டுத்தோல் ஈரக்காற்றை உறிஞ்சித் தொய்யும். ஜனவரி முதல் மார்ச் வரை இன்னும் மோசம். தப்புப் பறையைத் தீயில் காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. காய்ந்த ஓலைத் தீயில், சற்று உயரத்தில், வளையத்தைச் சுழற்றிக்கொண்டே காட்டுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் அங்கே மட்டும் தோல் சுருங்கி வெடிக்கும். அவ்வப்போது விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டதும் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் இறுக்கம் தாங்காமல் தோல் விளிம்பில் பிய்ந்துகொள்ளும். இரவு நீண்டால் மறுபடி தொய்யும், ஆகவே தீயை அணைக்காதீர்கள்.
செயற்கைத் தோலைத் தீப்பக்கமே கொண்டுபோகக் கூடாது.

பழுது
ஆட்டுத்தோல்: புதுத் தோலை ஊறவைத்து, இழுத்துப் பொருத்தி, நிழலில் உலர்த்தலாம்.
செயற்கை: எளிதில் கிழியாது, கிழிந்தால் அதே அளவில் தேட வேண்டும்.

பள்ளி, ஹோட்டல் மேடை, தீ மூட்ட முடியாத மண்டபம், மழைநாள் என்றால் செயற்கையே போதும். கடற்கரைச் சேகாவுக்கும் ஒலிப்பதிவுக்கும் ஆட்டுத்தோல்தான். பழகும் பிள்ளைக்கு முதலில் செயற்கை வாங்கலாம். ஆனால் காய்ச்சும் வேலையைப் பெரியவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கவாவது அனுப்புங்கள்.