ஃபயர் டிவி ஸ்டிக் 4கே: நெட்டும் சரி, டிவியும் சரி, படம் மட்டும் ஏன் ஜெர்க் அடிக்கிறது?

டிவியில் சொருகி நெட் வழியே படம் பார்க்க உதவும் அமேசானின் இந்தக் குச்சியைப் பற்றி, ஒவ்வொரு தள்ளுபடி விற்பனை முடிந்ததும் இதே கேள்வி வந்துவிடும். "4கே ஸ்டிக் வாங்கி மாட்டியாச்சு. பிக்சர் சூப்பர். ஆனா கேமரா மெதுவா நகர்ற சீன்ல விட்டு விட்டு ஓடுற மாதிரி இருக்கு. நெட் ஸ்பீடு பத்தலையா?"

நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வேகம் பத்தாவிட்டால் படம் மங்கும், இல்லாவிட்டால் நடுவில் வட்டம் சுற்றும். படம் பளிச்சென்று இருந்தும் சீராக நகரவில்லை என்றால் அது ஃபிரேம் கணக்கில், அதாவது நொடிக்கு எத்தனை அசையாப் படங்கள் அடுத்தடுத்து வருகின்றன என்பதில், வருகிற கோளாறு. அதைத் தீர்க்கும் செட்டிங் இந்த ஸ்டிக்கிலேயே இருக்கிறது. பெட்டியிலிருந்து எடுக்கும்போது அது ஆஃபில் இருக்கும், அவ்வளவுதான். இந்த ஸ்டிக்கைப் பற்றி எனக்கு எத்தனையோ நல்ல வார்த்தைகள் உண்டு; ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கோபம் இன்னும் ஆறவில்லை.

கணக்கைப் பார்த்துவிடுவோம். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். ஸ்டிக்கோ வழக்கமாக நொடிக்கு 60 தடவை டிவிக்குப் படம் அனுப்புகிறது. 60ஐ 24ஆல் வகுத்தால் இரண்டரை. பாதி ஃபிரேம் என்று ஒன்றைக் காட்ட முடியாதே? அதனால் ஒரு ஃபிரேமை மூன்று தடவை, அடுத்ததை இரண்டு தடவை என்று மாற்றி மாற்றிக் காட்டுகிறது. முதல் ஃபிரேம் திரையில் 50 மில்லி செகண்ட் நிற்கும், அடுத்தது 33 மில்லி செகண்டில் போய்விடும். இரண்டுமே 41.7 நிற்க வேண்டியவை. வயல்வெளியை ஒட்டி கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் போகும் ஒரு காட்சியைப் போட்டு, ஓரமாக வரும் ஒற்றைத் தென்னை மரத்தை மட்டும் கவனியுங்கள். மரம் வழுக்கிக்கொண்டு போகாது. ஒரு எட்டு நீளம், ஒரு எட்டு குட்டை என்று நொண்டிக்கொண்டு போகும். படம் முடிந்து பெயர்கள் மேலே ஏறும்போதும் எழுத்துகளில் அதே நொண்டல் தெரியும்.

சீரியலுக்கு நிலைமை இன்னும் மோசம். நம் நாட்டுத் தொலைக்காட்சி 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 தடவை) குடும்பத்தைச் சேர்ந்தது. 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டி சமயத்தில் தூர்தர்ஷன் கலருக்கு மாறியபோது எடுத்துக்கொண்ட 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறை நொடிக்கு 25 ஃபிரேம். ஹெச்டி வந்த பிறகும் அந்த எண் மாறவில்லை. 25ஐ 60க்குள் அடைக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு ஐந்து ஃபிரேமிலும் மூன்றை இரண்டிரண்டு தடவையும் மீதி இரண்டை மும்மூன்று தடவையும் காட்ட வேண்டும். சினிமாவின் மூன்று-இரண்டு தாளத்துக்குக் கண் ஒருவழியாகப் பழகிவிடும். இந்த ஐந்துக்கட்டுத் தாளத்துக்கு அப்படிப் பழகுவதில்லை. செய்திச் சேனலின் கீழே ஓடும் வரியைப் பாருங்கள், எழுத்துகள் உதறிக்கொண்டே ஓடும். 50 ஃபிரேமில் வரும் கிரிக்கெட்டில் ஐந்துக்கு ஒரு ஃபிரேம் இரட்டிப்பாகும். அதாவது நொடிக்குப் பத்து தடங்கல். பந்து பவுண்டரிக்கு உருளும்போது கேமரா கூடவே திரும்புமே, அங்கே புல்தரை முழுக்கக் குலுங்கும்.

இனி சரிசெய்யும் வழி. செட்டிங்ஸ், டிஸ்பிளே அண்ட் சவுண்ட்ஸ், டிஸ்பிளே, அதற்குள் மேட்ச் ஒரிஜினல் ஃபிரேம் ரேட். அதை ஆன் செய்யுங்கள். அதே பக்கத்தில் வீடியோ ரெசல்யூஷன் ஆட்டோவில் இருக்கட்டும். படம் ஓடத் தொடங்கியதும் டிவி ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்திப் பாருங்கள். பல டிவிகளில் வருகிற சிக்னல் எத்தனை ஹெர்ட்ஸ் என்று மூலையில் காட்டும். அங்கே 60 போய் 24 வந்திருந்தால் வேலை முடிந்தது. தென்னை மரம் இப்போது சீராக நகரும்.

ஆன் செய்த பிறகு மூன்று விஷயங்கள் பிசகலாம்.

படம் தொடங்கும்போதும் முடியும்போதும் திரை ஓரிரு நொடி கறுத்துப் போகும். ஹெச்டிஎம்ஐ இணைப்பு புது அலைவெண்ணுக்கு மாறும் நேரம் அது, பழுது இல்லை. நடுவில் ஏவி ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) இருந்தால் இன்னும் கொஞ்சம் நேரமாகும். பலர் இதைப் பார்த்துப் பயந்து உடனே ஆஃப் செய்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள். இரண்டு நொடி இருட்டுக்குப் பதிலாக இரண்டரை மணி நேரச் சீரான படம் கிடைக்கிறது.

இரண்டாவது, இதற்குச் செயலியும் ஒத்துழைக்க வேண்டும். "இது 24 ஃபிரேம் படம்" என்று செயலி சொன்னால்தான் ஸ்டிக் மாறும். சொல்லாத செயலிகள் உண்டு. அவற்றில் செட்டிங் ஆனில் இருந்தும் சிக்னல் 60இலேயே நிற்கும். ஒரு செயலியில் மாறவில்லை என்பதற்காக செட்டிங்கே வேலை செய்யவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். நீங்கள் அடிக்கடி பார்க்கும் செயலிகள் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

மூன்றாவது டிவி சம்பந்தப்பட்டது. விலை குறைந்த சில 4கே டிவிகள் 24 ஹெர்ட்ஸ் சிக்னலை வாங்கிக்கொண்டு, பேனலில் மறுபடியும் 60 ஆக்கியே காட்டுகின்றன. இன்ஃபோவில் 24 என்று இருக்கும், நொண்டல் அப்படியே இருக்கும். அங்கே ஸ்டிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த வழி. பெரும்பாலும் சீரியல், செய்தி, கிரிக்கெட்தான் ஓடுகிற வீடு, ஆனால் பார்க்கிற செயலி ஃபிரேம் ரேட்டைச் சொல்வதில்லை என்றால், ஸ்டிக்கை நிரந்தரமாக 50 ஹெர்ட்ஸில் நிறுத்திவிடுங்கள். வீடியோ ரெசல்யூஷன் பட்டியலில் 60 ஹெர்ட்ஸும் 50 ஹெர்ட்ஸும் தனித்தனியாக வரும். உங்கள் டிவிக்கு ஏற்ற 50ஐத் தேர்ந்தெடுங்கள். 25 ஃபிரேம் சீரியல் ஒவ்வொன்றும் இரண்டு தடவை, கச்சிதம். 50 ஃபிரேம் கிரிக்கெட் ஒன்றுக்கு ஒன்று. சினிமா கெட்டுவிடாதா என்று கேட்பீர்கள். அதுதான் ஆச்சரியம்: 24 ஃபிரேமை 50இல் காட்டும்போது எல்லா ஃபிரேமும் இரண்டிரண்டு தடவை வந்து, நொடிக்கு இரண்டு ஃபிரேம் மட்டும் ஒரு தடவை கூடுதலாக நிற்கும். 60இல் ஒன்றுவிட்டு ஒன்று நொண்டுகிறது. 50இல் அரை நொடிக்கு ஒரு சின்னத் தட்டு. உற்றுப் பார்ப்பவர்களுக்கு அந்தத் தட்டு தெரியும், ஆனாலும் எனக்கு 50தான் கண்ணுக்கு இதம். நஷ்டப்படுவது ஃபோனில் எடுத்த 30, 60 ஃபிரேம் வீடியோக்களும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும். அவை 50இல் குதிக்கும். வீட்டில் எது அதிகம் ஓடுகிறதோ அதற்கேற்ப முடிவெடுங்கள்.

ரெசல்யூஷனை மாற்றும்போது டிவிக்குச் சேராத ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திரை இருண்டுபோனால் பதறவேண்டாம். ரிமோட்டில் மேல்நோக்கிய பட்டனையும் ரீவைண்டையும் சேர்த்துப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். ஸ்டிக் ஒவ்வொரு ரெசல்யூஷனாக மாற்றிக் காட்டும். படம் தெரிகிற இடத்தில் நடுப் பட்டனை அழுத்தி நிறுத்திக்கொள்ளலாம்.

டிவியின் மோஷன் செட்டிங்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் என்று பெயர்தான் வேறு. இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் டிவியே ஒன்றைக் கற்பனை செய்து செருகுகிறது. ஜெர்க் அடிக்கிறதே என்று இதைக் கூட்டி வைப்பவர்கள் அதிகம். விளைவு, சினிமா நாடகம் மாதிரி ஆகிவிடும். ஓடுகிறவரின் கை கால் ஓரத்தில் படம் கிழிந்தாற்போல் தெரியும். ஸ்டிக்கில் ஃபிரேமைச் சரிசெய்துவிட்டு டிவியில் இதைச் சினிமாவுக்கு அணைத்துவிடுங்கள். இந்த வரிசை முக்கியம். ஸ்டிக் நொண்ட விட்ட படத்தை டிவியால் முழுதாக நிமிர்த்த முடியாது.

அதே டிஸ்பிளே பக்கத்தில் டைனமிக் ரேஞ்ச் என்று ஒன்று உண்டு; ஹெச்டிஆர், அதாவது வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வீச்சில் காட்டும் முறைக்கானது. அது 'ஆல்வேஸ் ஹெச்டிஆர்' என்று இருந்தால் 'அடாப்டிவ்' ஆக்குங்கள். ஆல்வேஸில் வைத்தால் பழைய படங்களையும் ஸ்டிக் ஹெச்டிஆர் ஆக்கி அனுப்பும். முகங்கள் சிவந்தோ வெளிறியோ போகும். அடாப்டிவ் என்றால் ஹெச்டிஆர் படம் ஹெச்டிஆராக, சாதாரணப் படம் சாதாரணமாக வரும். ஹெச்டிஆரே வரவில்லை என்றால் டிவியில் அந்த ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்கு டீப் கலர், என்ஹான்ஸ்டு, இன்புட் சிக்னல் பிளஸ் இப்படி ஏதோ ஒரு பெயரில் இருக்கும் அனுமதியைத் திறக்க வேண்டும்.

ஒலி. வசனம் கேட்கவில்லை, சண்டை வந்தால் காது கிழிகிறது என்பது தமிழ்ப் படம் பார்க்கும் எல்லா வீட்டுப் புலம்பலும். 5.1 ஒலியில் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று போகிறது. டிவியின் இரண்டு ஸ்பீக்கரில் அதை எப்படிக் கலப்பது என்று டிவியிடம் விடாமல், சரவுண்ட் சவுண்டை பிசிஎம் (ஸ்டிக்கே கலந்து அனுப்பும் சாதாரண ஒலி) ஆக்கிப் பாருங்கள். பல டிவிகளில் வசனம் மேலெழும். ஆப்டிகல் கேபிளில் சவுண்ட்பார் இணைத்தவர்களும் கவனிக்க வேண்டும். அந்தக் கேபிள் டால்பி டிஜிட்டல் வரைதான் தாங்கும், டால்பி டிஜிட்டல் பிளஸைக் கடத்தாது. சில படங்களில் மட்டும் சத்தமே வரவில்லை என்றால் முதலில் இங்கே பாருங்கள். உதட்டசைவும் சத்தமும் ஒட்டாவிட்டால் அதே ஆடியோ பக்கத்தில் ஏவி சிங்க் டியூனிங் இருக்கிறது. பந்து தரையில் படும் நொடியும் சத்தமும் ஒன்றுசேரும்வரை ஸ்லைடரை நகர்த்தினால் போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். முகப்பில் தானாக ஓடும் விளம்பர வீடியோவை நிறுத்த: செட்டிங்ஸ், பிரிஃபரன்சஸ், ஃபீச்சர்டு கன்டென்ட். வீடியோ ஆட்டோபிளே, ஆடியோ ஆட்டோபிளே இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். ஸ்டிக்கை டிவியின் யுஎஸ்பியில் சொருகாமல் கூட வந்த அடாப்டரிலேயே போடுங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது அரை ஆம்பியர், அடாப்டர் தருவது ஒரு ஆம்பியர். இந்தப் பற்றாக்குறையால் ஸ்டிக் தானாக ரீஸ்டார்ட் ஆகலாம். தவிர பல டிவிகளில் டிவியை அணைத்தால் ஸ்டிக்கும் அணையும், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து பூட் ஆகும். பெட்டியில் வந்த குட்டி ஹெச்டிஎம்ஐ நீட்டிப்பைத் தூக்கிப் போடாதீர்கள். சுவரில் மாட்டிய டிவியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்டிக்குக்குச் சூடும் அதிகம், வைஃபையும் குறைவு. மெமரி 8 ஜிபிதான், அதிலும் ஒரு பங்கு சிஸ்டத்துக்குப் போகும்; மந்தமானால் செயலியின் கேஷை (தற்காலிகக் கோப்புகளை) மட்டும் அழியுங்கள். டேட்டாவை அழித்தால் லாகின் போய்விடும். உறைந்து நின்றால் நடுப் பட்டனையும் பிளே பட்டனையும் ஐந்து நொடி அழுத்தினால் ரீஸ்டார்ட் ஆகும்.

இவ்வளவையும் செய்தபின் இந்தச் சின்னக் குச்சி தருகிற படம், பல டிவிகளில் உள்ளேயே வரும் செயலிகள் தருவதைவிட மேல். செயலிகள் சட்டென்று திறக்கும், ரிமோட் கைக்கு அடக்கம், ஹெச்டிஆரின் மேம்பட்ட வகையான டால்பி விஷனும் உண்டு. கொடுத்த காசுக்கு நியாயமான பொருள்.

ஆனாலும் "வாங்கலாமா?" என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் நான் உடனே ஆமாம் என்று சொல்வதில்லை. 25 ஃபிரேம் சீரியலும் 50 ஃபிரேம் கிரிக்கெட்டும் ஓடுகிற நாட்டில் விற்கும் பொருளை 60இல் பூட்டி அனுப்புவது அக்கறையற்ற வேலை. முதல் தடவை மாட்டும்போது "எந்த மொழி?" என்று கேட்கத் தெரிந்த பெட்டிக்கு, "அதிகம் என்ன பார்ப்பீர்கள்?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கத் தெரியவில்லை. செட்டிங்ஸுக்குள் போகவே தயங்கும் பெரியவர்கள் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. கண் வலிக்கிறது என்று சொல்லி டிவியை அணைத்துவிட்டுப் போவார்கள், காரணம் தெரியாது.

ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு வாங்கித் தருவதாக இருந்தால் கூரியரில் அனுப்பிவிடாதீர்கள். நீங்களே போய் மாட்டி, 50 ஹெர்ட்ஸில் வைத்து, ஆட்டோபிளேயை ஆஃப் செய்து, ஒரு செய்திச் சேனலின் லைவைப் போட்டுக் கீழே ஓடும் வரி உதறாமல் போகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.