வயரா, பேட்டரியா, பெட்ரோலா: பட்டறையிலும் தோப்பிலும் போட்டுப் பார்த்த கணக்கு

போன வைகாசியில் ஒத்தக்கடை பக்கம் ஒரு வீட்டு மாடியில் ஷீட் போடும் வேலை. வெல்டிங் எல்லாம் முதல் நாளே முடிந்துவிட்டது, ஸ்குரூ அடிப்பது மட்டும்தான் பாக்கி. காலையில் போய் நின்றால், மாதாந்திரப் பராமரிப்பு, மாலை ஐந்து மணிக்குத்தான் கரண்ட் வரும் என்றார்கள். பழைய நாளாக இருந்தால் ஆட்களுக்கு டீயும் அரைநாள் கூலியும் கொடுத்து அனுப்பியிருப்பேன். அன்றைக்குப் பையில் ஸ்குரூவைத் தட்டித் தட்டி முறுக்கும் 18 வோல்ட் இம்பாக்ட் டிரைவர் ஒன்றும் மூன்று பேட்டரியும் இருந்தன. எட்டு எம்எம் சாக்கெட்டில் செல்ஃப் டிரில்லிங் ஸ்குரூவைச் செருகி ஷீட் மேல் வைத்து அமுக்கினால், முதலில் லேசாகச் சுற்றி, முனை குழாயைத் துளைத்ததும் டர்ர்ரென்று உதறி, ரப்பர் வாஷர் பிதுங்கும்போது நிறுத்த வேண்டியதுதான். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இறங்கிவிட்டோம். இரண்டாவது பேட்டரியில் இன்னும் ஒரு கோடு மிச்சம்.

மறுநாள் புதூர் பட்டறையில் அதே பேட்டரியைக் கிரைண்டரில் மாட்டி, கேட்டுக்குச் சதுரக் குழாய் வெட்ட ஆரம்பித்தோம். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் படுத்துவிட்டது. “நேத்து நல்லாத்தானேண்ணே ஓடுச்சு?” என்று பையன் பேட்டரியைக் கழற்றிக் காதுக்கிட்ட வைத்து ஆட்டிப் பார்க்கிறான்.

பேட்டரியில் ஒரு கோளாறும் இல்லை. முதுகில் 18 வோல்ட், 5 ஏஎச் (ஆம்பியர் ஹவர்) என்று போட்டிருக்கும், இரண்டையும் பெருக்கினால் 90 வாட் ஹவர், அவ்வளவுதான் உள்ளே இருக்கும் சரக்கு. நாலு அங்குல வயர் கிரைண்டர் 700, 850 வாட் என்று வருகிறது. பேட்டரி கிரைண்டர் வெட்டும்போது 600 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட ஒன்பது நிமிஷத்தில் காலி. ஸ்குரூ அடிப்பது வேறு மாதிரி வேலை, நாலைந்து நொடி அமுக்குகிறோம், அடுத்த ஸ்குரூவைப் பையில் தேடி எடுத்துச் செருகும் வரை மிஷின் சும்மா இருக்கிறது. அதனால் யாராவது என்னிடம் பேட்டரி வாங்கலாமா என்று கேட்டால், விசையை ஒரு தடவை அமுக்கினால் எவ்வளவு நேரம் விடாமல் பிடித்திருப்பீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். நொடிக்கணக்கு என்றால் பேட்டரி. நிமிஷக்கணக்கு, அதுவும் பக்கத்திலேயே பிளக் இருக்கிறது என்றால் வயர். கரண்ட் செலவு இதில் ஒரு பொருட்டே இல்லை, ஒரு யூனிட்டில் அந்த 5 ஏஎச் பேட்டரியை ஏறக்குறைய பத்து தடவை நிரப்பலாம். காசு கரைவது பேட்டரி வாங்குகிற இடத்தில்.

அதனால் பேட்டரி கிரைண்டர் வீண் என்று சொல்லவில்லை. கேட்டை மாட்டப் போன இடத்தில் கீல் இரண்டு எம்எம் இடிக்கும் பாருங்கள், அங்கே அது தெய்வம். வயர் மிஷினுக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வீட்டுக்குள்ளிருந்து இழுத்து, ஜன்னல் வழியாக விட்டு, அந்த வீட்டு அம்மா தரையில் கோடு விழுகிறது என்று திட்டி, கடைசியில் அரை நிமிஷ வேலை. தன் வயரைத் தானே வெட்டிக்கொண்ட கிரைண்டரும் எங்கள் பட்டறையில் உண்டு, தடயம் இன்னும் டேப் சுற்றி இருக்கிறது. வோல்டேஜ் இறங்கும் கிராமங்களில் வயர் மிஷின் திணறிச் சூடாகி, மோட்டாருக்குள் சுற்றும் ஆர்மெச்சர் போகும், பேட்டரிக்கு அந்தக் கவலை கிடையாது. ஆனால் வேகம் குறைவு. வயரில் 11,000 சுற்று என்றால் பேட்டரியில் 8,500 மாதிரி இருக்கும். தடித்த வீலைப் போட்டால் இழுக்காது, 1 எம்எம் வீல் போடுங்கள், ஒரே சார்ஜில் வெட்டும் எண்ணிக்கையும் கூடும். வீலை மூடியிருக்கும் கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டும் வழக்கத்தைப் பேட்டரி மிஷினிலும் கொண்டுவர வேண்டாம். வயர் இல்லை என்பதால் வீல் மெதுவாக வெட்டிவிடப் போவதில்லை.

சுவரில் ஓட்டை போடுவது தனிக்கதை. செங்கல் சுவர் என்றால் 18 வோல்ட் ஹேமர் டிரில் ராவல் பிளக் ஓட்டையை அலட்டிக்கொள்ளாமல் போடும். அதே மிஷின் லிண்டலிலோ பீமிலோ பட்டால் கத்துமே தவிர உள்ளே போகாது. காரணம், சாதா ஹேமர் டிரில்லுக்குள் பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித்தான் அடி வருகிறது, நாம் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் அடி. எஸ்டிஎஸ் பிட் போடும் ரோட்டரி ஹேமரில் உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி அடிக்கிறது, அதனால் நம் தோளுக்கு வேலை குறைவு. அதுவும் 18 வோல்ட்டில் வருகிறது. நாலைந்து ஆங்கர் ஓட்டைக்கு நன்றாகவே போதும், சுவரை உடைக்க வேண்டும் என்றால் வயரைத் தேடுங்கள்.

12 வோல்ட்டா 18 வோல்ட்டா? கேட்கிற ஆளைப் பொறுத்தது. எங்களுக்குக் கதவு செய்துகொடுக்கும் ஆசாரி 12 வோல்ட் டிரில்லைத் தவிர எதையும் தொட மாட்டார். அலமாரிக்குள் தலையை விட்டுக் கீல் மாட்டும்போது 600 கிராமுக்கு மேல் கனக்கும் 18 வோல்ட் பேட்டரி தலைகீழாக மூஞ்சியில் இடிக்கும், 12 வோல்ட் பேட்டரி கால் கிலோகூட வராது. திருகும் விசை 30 நியூட்டன் மீட்டர் மாதிரி இருந்தாலே மரவேலைக்குத் தாராளம். வீட்டுக்கு ஒன்று வாங்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். இரும்பு என்றால் 18-க்குப் போய்விடுங்கள், பின்னால் வருத்தப்பட வேண்டாம். இம்பாக்ட் டிரைவரை மட்டும் வாங்கிவிட்டு எல்லாவற்றுக்கும் அதையே போடலாம் என்று நினைக்க வேண்டாம், பிளைவுட்டில் சின்ன ஸ்குரூ அடித்தால் தலை மரத்துக்குள் காணாமல் போகும். வைத்த அளவுக்கு இறுகியதும் தானே விட்டுவிடும், எண் போட்ட கிளட்ச் வளையம் உள்ள டிரில்தான் அதற்கு.

வோல்ட் விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். உள்ளே இருப்பது விரல் அளவுக்குச் சற்றுத் தடித்த லித்தியம் செல்கள். ஒரு செல் 3.6 வோல்ட், முழுசாக ஏறினால் 4.2. ஐந்தைத் தொடராகக் கோத்தால் 18, முழுசாக ஏறிய நிமிஷத்தில் 21. அதனால் ஒருவர் 18 என்கிறார், ஒருவர் 20 மேக்ஸ் என்கிறார், இன்னொருவர் 21 என்கிறார், மூன்றும் ஒரே ஐந்து செல்தான். டிவால்ட்காரர்கள் அமெரிக்காவில் 20 என்று விற்பதை ஐரோப்பாவில் 18 என்று விற்கிறார்கள். 12 வோல்ட் என்பதும் மூன்று செல், கணக்குப்படி 10.8.

இதைத் தெரிந்துகொண்டால் 88 விஎஃப், 128 விஎஃப் என்று பெரிய எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டி வரும் பெயர் தெரியாத செட்டைப் பார்த்து மயங்க மாட்டீர்கள். என் மச்சினன் மயங்கினான். மிஷின், இரண்டு பேட்டரி, சார்ஜர், சாக்கெட், பெட்டி எல்லாம் சேர்த்து நல்ல கம்பெனியின் ஒற்றைப் பேட்டரி விலைக்குக் கிடைத்தது என்று பெருமையாகக் கொண்டுவந்தான். “88 வோல்ட்டு மச்சான், உங்க மிஷினெல்லாம் பிச்சை வாங்கணும்” என்றான். ஆறு மாதத்தில் ஒரு பேட்டரி சார்ஜே ஏறவில்லை. நாலு ஸ்குரூவைக் கழற்றிப் பிரித்தேன். மேலே 6 ஏஎச் என்று எழுதிய பெட்டி, பத்து செல் உட்காரும் இடம், உள்ளே ஐந்துதான் இருந்தன, மிச்ச இடத்தில் அட்டையை மடித்துத் திணித்திருந்தார்கள். செல் மேலேயே 1500 எம்ஏஎச் என்று போட்டிருந்தது, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நேர்மை. ஐந்து செல் தொடராக இருந்தால் 88 எங்கிருந்து வரும்? மீட்டரை வைத்துக் காட்டினேன், அப்புறம்தான் வாயை மூடினான்.

ஆனாலும் அந்த மிஷினின் உடம்பு மோசமில்லை. இன்னும் ஓடுகிறது, டிராக்டர் நட்டைக் கழற்றுகிறது. மாதத்தில் ஒருநாள் தொடுகிறவருக்கு அது போதும் என்றுகூடச் சொல்வேன். பயம் எல்லாம் பேட்டரியும் சார்ஜரும்தான். நல்ல செட்டில் சார்ஜர் பேட்டரியின் சூட்டைப் பார்த்து, அதிகமாக இருந்தால் ஏற்றாமல் காத்திருக்கும். மச்சினனுடையது லேப்டாப் அடாப்டர் மாதிரி ஒரு வயர், எது வந்தாலும் ஏற்றும். ராத்திரி படுக்கும்போது அதைச் சொருகிவிட்டுத் தூங்காதே என்று தங்கச்சியிடமே சொல்லிவிட்டு வந்தேன். வாங்கும்போது பேட்டரியில் ஐஎஸ் 16046 என்ற எண்ணோடு பிஐஎஸ் முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

கம்பெனி எது என்று கேட்டால் சண்டை வரும். மிஷினைப் பார்த்து வாங்காமல் பேட்டரிக் குடும்பத்தைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் என் கட்சி, ஏனென்றால் அடுத்தடுத்து பேட்டரி இல்லாத வெறும் பாடியாக வாங்கினால்தான் கணக்கு கட்டும். மகிட்டாவின் 18 வோல்ட் எல்எக்ஸ்டி வரிசை 2005-லிருந்து ஓடுகிறது. போஷ்ஷில் நீல நிற வரிசையும் பச்சை நிற வரிசையும் வேறு வேறு, இரண்டும் 18 வோல்ட் என்றாலும் ஒன்றின் பேட்டரி மற்றதில் ஏறாது, ஆன்லைனில் சலுகை விலை பார்த்து வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. நான் மகிட்டா பக்கம் சாய்ந்ததற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. எதிர்ப்பட்டறைக்காரரிடம் அதே பேட்டரி இருந்தது, அவசரத்துக்குக் கைமாற்றிக்கொள்ளலாம். அவர் நீலம் வைத்திருந்தால் நானும் நீலம்தான்.

மோட்டாரில் கார்பன் பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மிஷின் வாங்குவதா என்றால், கிரைண்டருக்கும் இம்பாக்ட்டுக்கும் ஆமாம், அதே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும். எப்போதாவது தொடும் டிரில்லுக்கு வேண்டாம். சாதா மிஷினில் கார்பன் தேய்ந்தால் டீ நேரத்தில் நானே மாற்றிவிடுவேன், பிரஷ்லெஸ்ஸில் மோட்டாரை ஓட்டும் எலக்ட்ரானிக் போர்டு போனால் பாதி மிஷின் விலை சொல்வார்கள்.

தோப்புக்கு வருவோம். மாமனாருக்கு வாடிப்பட்டிக்கும் சோழவந்தானுக்கும் நடுவில் மூன்று ஏக்கர் தென்னை. புல்வெட்டி பெட்ரோலா பேட்டரியா என்று கேட்டார். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் சக்தி இருக்கிறது. சின்ன டூ ஸ்ட்ரோக் இன்ஜின் அதில் பெரும்பகுதியைச் சூடாகவும் புகையாகவும் வீணடித்து, ஆறில் ஒரு பங்கை மட்டும் பிளேடுக்குக் கொடுத்தாலும் ஒன்றரை யூனிட், அதாவது நம்முடைய 5 ஏஎச் பேட்டரி பதினாறு. நாள் முழுக்கப் புல் வெட்டும் இடத்தில் பேட்டரி பெட்ரோலோடு மோத முடியாது, இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். வீட்டைச் சுற்றிப் பத்து சென்ட் தோட்டம் என்றால் தீர்ப்பு தலைகீழ். வருஷத்தில் நாலு தடவை எடுக்கும் பெட்ரோல் மிஷினில் டூ ஸ்ட்ரோக்குக்கான 2டி ஆயில் கலந்த எரிபொருள் தேங்கிக் கார்புரேட்டர் அடைக்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு, ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் போவதற்குப் பேட்டரியே மேல்.

மரம் அறுப்பதிலும் இதே கோடுதான். ஆறு அங்குல பேட்டரி ரம்பம் முருங்கை, எலுமிச்சை, மணிக்கட்டுத் தடிமன் கிளைகளுக்கு அருமை, ஒற்றைக் கையில் பிடிக்கலாம் என்ற ஆசையில்தான் விபத்தும் வருகிறது, இரண்டு கையால் பிடியுங்கள், செயின் ஆயிலைப் பார்த்து ஊற்றுங்கள். சீமைக்கருவேலத்தில் அதன் பாச்சா பலிக்காது. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்ன சமயத்தில், கண்மாய்க்கரையெல்லாம் ஜேசிபியும் பெட்ரோல் ரம்பமும்தான் அலறின. தென்னை மட்டைக்கு இரண்டுமே வேண்டாம். அரிவாளால் இரண்டு வெட்டு, நான் பேட்டரி மாட்டுவதற்குள் மாமா அடுத்த மரத்துக்குப் போயிருப்பார்.

மருந்தடிக்கும் ஸ்பிரேயரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முதுகில் மாட்டும் 16 லிட்டர் டாங்கியில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட் 8 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரி. அதைக் காலியாகப் போட்டுவைத்தால் செத்துப்போகும், முழுசாக ஏற்றித்தான் மூலையில் வைக்க வேண்டும். டிரில்லின் லித்தியம் பேட்டரிக்கு நேர்மாறு, ரொம்ப நாள் தொடப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வைக்க வேண்டும். ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் குழப்பம் வரத்தான் செய்யும், மாமா சாக்பீஸால் ஒன்றில் ‘முழுசு’, இன்னொன்றில் ‘பாதி’ என்று எழுதி வைத்திருக்கிறார்.

கத்திரி வெயிலில் பைக் பெட்டிக்குள் பேட்டரியை வைக்காதீர்கள். வேலை முடிந்து கையில் சுடும் பேட்டரியை உடனே சார்ஜரில் சொருகினால் நல்ல சார்ஜர் விளக்கை மினுக்கி மறுக்கும், அது பழுது இல்லை. ஈரத்துணி, ஐஸ் என்று வித்தை எல்லாம் வேண்டாம், நிழலில் அரைமணி நேரம் கிடந்தால் போதும்.

மாமாவுக்கு நாள் வாடகைக்கு ஒரு பெட்ரோல் புல்வெட்டியும், தெரிந்தவரிடம் வாங்கிய, இரண்டு 18 வோல்ட் பேட்டரி போடும் புல்வெட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேட்டரி மிஷினைத் தூக்கிக் கிணற்றைச் சுற்றி வெட்டினார், தொழுவத்துப் பக்கம் போனார், மாடு நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி வைக்கோலில் குனிந்துகொண்டது. “சத்தமே இல்லையே மாப்ளே, மாடு மிரளலை பாருங்க” என்றார். இரண்டாவது வரப்பு பாதியில் நின்றுவிட்டது. ஒன்றும் சொல்லாமல் பெட்ரோல் மிஷினின் கயிற்றை இழுத்தார். கடைசியில் பெட்ரோல் புல்வெட்டியைச் சொந்தமாக வாங்கினார், கூடவே கிளை கழிக்க என் சின்ன ரம்பத்தையும் எடுத்து வைத்துக்கொண்டார். என் அலமாரியில் ஐந்து பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் இப்போது நாலுதான் இருக்கிறது.