குடிசன் பார்க்கா, ஆற்றங்கரை மைதானமா?

லிவர்பூல் நகரின் கால்பந்து கிளப்பான எவர்ட்டனின் ஆண்கள் அணி 2025இல் மெர்சி ஆற்றங்கரையில் உள்ள புது மைதானத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. 1892இலிருந்து இருந்த பழைய மைதானமான குடிசன் பார்க்கை இடிக்காமல் பெண்கள் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள், நல்ல வேளை. லிவர்பூலுக்குப் போகிறவர்கள் எதில் ஆட்டம் பார்ப்பது?

டிக்கெட்: குடிசனில் மலிவு, அலையாமல் கிடைக்கும். புதியதில் முண்டியடிக்க வேண்டும், விலையும் கடிக்கும்.

பார்வை: குடிசனின் பழைய ஸ்டாண்டுகளில் கூரையைத் தாங்கும் தூண் கோல் கம்பத்தையே மறைத்துவிடும், கார்னர் கிக் என்றால் பக்கத்து இருக்கைக்காரர் மேல் சாய்ந்து எட்டிப் பார்க்க வேண்டியதுதான். புதியதில் அந்தத் தொல்லை இல்லை.

சத்தம்: புதியதன் தெற்கு ஸ்டாண்ட் செங்குத்தாக, ஒரே அடுக்காக எழும்புகிறது. சுமார் 13,000 பேர் சேர்ந்து கத்தினால் காது அடைத்துவிடும். ஆனால் குடிசனில் ஸ்டாண்டுகளுக்கு நடுவே ஒரு தேவாலயம் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்பதை எந்தக் கட்டடக்காரர் திரும்பத் தருவார்?

போய்வருவது: புதியதற்கு சாண்ட்ஹில்ஸ் ஸ்டேஷனில் இறங்கி நடை, திரும்பும்போது நீண்ட வரிசை, அப்புறம் ஆற்றுக்காற்று வேறு.

குழந்தைகளோடு போனால், பழைய வாசனை வேண்டுமென்றால் குடிசன். பிரீமியர் லீக் ஆட்டம்தான் வேண்டும், முழுசாகத் தெரியவும் வேண்டும் என்றால் ஆற்றங்கரை, ஒரு தடித்த ஸ்வெட்டரோடு.