நெஃப்ட் சேவை: அனுப்பிய பணம் ஏன் உடனே போய்ச் சேர்வதில்லை?

ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி நடத்தும் நெஃப்ட் நம்பகமான சேவை. ஆனால் யுபிஐ பழகியவர்களுக்கு, கணக்கில் பணம் கழிந்து ஒரு மணி நேரமாகியும் எதிராளிக்கு வரவில்லை என்றால் பதற்றம் வந்துவிடும். பெரும்பாலும் அது கோளாறு அல்ல, இந்தச் சேவை இயங்கும் விதமே அப்படித்தான்.

நெஃப்டில் ஒவ்வொரு பரிமாற்றமும் தனியாகத் தீர்க்கப்படுவதில்லை. அரை மணிக்கு ஒரு பேட்ச் (தொகுதி), நாளுக்கு 48 பேட்ச். அந்த அரை மணியில் சேர்ந்தவற்றை மொத்தமாகக் கூட்டிக் கழித்து, எந்த வங்கி எவ்வளவு தர வேண்டும், பெற வேண்டும் என்று நிகரத் தொகையைத்தான் தீர்க்கிறார்கள். 10.05-க்கு அனுப்பியது 10.30 பேட்சில் ஏறினால், அதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், அதாவது 12.30-க்குள் பெறும் வங்கி வரவு வைக்க வேண்டும். முடியாவிட்டால் அதே கெடுவுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். 10.28-க்கு அனுப்பினால் அந்த பேட்சைத் தவறவிட்டு அடுத்ததில் ஏறவும் வாய்ப்புண்டு. கெடு தாண்டினால் ரெப்போ விகிதத்துடன் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி விகிதம்) 2 சதவீதம் சேர்த்து வங்கி வாடிக்கையாளருக்கு வட்டி தர வேண்டும் என்பது விதி. பலர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை.

2019 டிசம்பர் 16 முதல் ஞாயிறு, பண்டிகை நாள் என்ற பேதமில்லாமல் இரவும் பகலும் இயங்குகிறது. சேமிப்புக் கணக்கிலிருந்து ஆன்லைனில் அனுப்பக் கட்டணமில்லை. கிளைக்குப் போய்ப் படிவம் கொடுத்தால் ஒரு லட்சத்துக்கு மேல் இரண்டு லட்சம் வரை அதிகபட்சம் 15 ரூபாய், அதற்கு மேல் 25, ஜிஎஸ்டி தனி.

எங்கே சிக்குகிறது? வங்கிக் கிளையை அடையாளம் காட்டும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டின் 11 எழுத்துகளில் ஐந்தாவது பூஜ்யம். அங்கே ஆங்கில 'ஓ' போட்டால் ஏற்காது. இணைந்துபோன வங்கியின் பழைய குறியீடும், மூடிய கணக்கும் பணத்தைத் திருப்பிவிடும். உண்மையில் ஆபத்தானது கணக்கு எண் பிழைதான். வரவு எண்ணை மட்டும் பார்த்தே வைக்கப்படுகிறது, பெயர் பொருந்துகிறதா என்று பார்க்க மாட்டார்கள். தவறான எண் வேறொருவருடையதாக இருந்துவிட்டால், அவர் சம்மதிக்காமல் மீட்பது கடினம். அதனால் அனுப்புமுன் பெயர் காட்டும் வசதியைப் பயன்படுத்துங்கள். 2025 ஏப்ரல் 1-க்குள் அதைத் தர வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. புதிதாகச் சேர்த்த பயனாளிக்குச் சில மணி நேரம் காத்திருப்பும் வரம்பும் வைக்கிற வங்கிகளும் உண்டு. எரிச்சலாக இருந்தாலும், மோசடியைத் தடுக்க அது தேவை.

அவசரம் என்றால் 5 லட்சம் வரை உடனடிப் பரிமாற்றச் சேவையான ஐஎம்பிஎஸ். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் என்றால் பெரிய தொகைகளுக்கான ஆர்டிஜிஎஸ், அதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தீர்க்கப்படுவதால் 30 நிமிடத்துக்குள் வரவாக வேண்டும். வாடகை, பள்ளிக் கட்டணம், முன்கூட்டியே தெரிந்த கொடுக்கல் வாங்கலுக்கு நெஃப்டே போதும்.

இரண்டரை மணி நேரம் கடந்தும் வரவில்லையா? அந்தப் பரிமாற்றத்துக்கான 16 எழுத்து அடையாள எண்ணை (யுடிஆர்) பணம் பெற வேண்டியவரிடம் கொடுத்து அவர் வங்கியில் தேடச் சொல்லுங்கள். உங்கள் வங்கியில் எழுத்துமூலம் புகார் பதிவு செய்யுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் கட்டணமின்றி முறையிடலாம்.